ஒரு பொம்மை கூட இல்லை

அந்தக் கடிதத்தை நான் மூன்று பேருக்கு எழுதினேன். மூன்றிலும் முதல் பத்தி ஒன்றுதான். "எமது அங்கன்வாடி மையத்திற்கு வரும் பதினொரு குழந்தைகளுக்கு விளையாட ஒரு பொம்மை கூட இல்லை என்பதைத் தாழ்மையுடன் தெரிவித்துக்கொள்கிறேன்." அனுப்புநர், பெறுநர், பொருள் எல்லாம் முறையாகப் போட்டு, கோடு போட்ட தாளில், அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதினேன். மையத்து மேசைக்கு ஒரு கால் ஆட்டம். அதனால் வழக்கம்போல டிரங்குப் பெட்டியின் மேல் தாளை வைத்துத்தான் எழுதினேன். அந்தப் பெட்டிக்குள் முப்பத்தெட்டு பொம்மைகள் இருந்தன.

என் பெயர் மரிய செல்வி. விராலிமலைக்குப் பக்கத்தில், ஹைவேயை விட்டு உள்ளே தள்ளி இருக்கும் சிற்றூரில் ஒன்பது வருடமாக அங்கன்வாடி டீச்சர். பள்ளிக்கூடத்தில் கடிதக் கட்டுரைக்குப் பத்துக்கு ஒன்பதுக்குக் குறைந்து நான் வாங்கியதில்லை. தெருவிளக்கு, குடிதண்ணீர், விதவை பென்ஷன் என்று ஊரிலிருந்து போன மனுக்களில் பாதி என் கையெழுத்தில் போனவை. ஆகையால் நான் எழுதினால் ஊர் நம்பும்.

பெட்டியைப் பற்றி முதலில் சொல்லிவிட வேண்டும். நாலு வருடத்துக்கு முன்பு மையத்துக்கு விளையாட்டுப் பொருள்கள் வந்தன. ரப்பர் யானை, பேட்டரி ரயில், அடுக்கும் கட்டைகள், பந்து, பிளாஸ்டிக் காய்கறிகள். இருப்புப் பதிவேட்டில் ஒவ்வொன்றாக எழுதிக் கையெழுத்துப் போட்டேன். எனக்கு முன்பிருந்த டீச்சர், ஒரு ஒட்டகச்சிவிங்கி பொம்மை காணாமல் போனதற்கு விளக்கம் எழுதிக் கொடுத்து மூன்று முறை ஆபீசுக்கு அலைந்தவர். பொறுப்பை என்னிடம் ஒப்படைக்கும்போது அவர் சொன்னது ஒன்றுதான். "பிள்ளைங்க ஒடச்சா பிள்ளைங்களையா கேப்பாங்க? ஒன்னயத்தான் கேப்பாங்க."

அதனால் பூட்டினேன். அதிகாரிகள் பார்வையிட வரும் நாளில் மட்டும் பெட்டியைத் திறந்து, பாயில் பொம்மைகளைப் பரப்பி, சுற்றிலும் பிள்ளைகளைக் கை கட்டி உட்கார வைப்பேன். ஜீப் கிளம்பியதும் எண்ணி உள்ளே வைத்துப் பூட்டுவேன். பாலித்தீன் உறையைக்கூடப் பிரித்ததில்லை. சாவி சிவப்புக் கயிற்றில் கோத்து என் கழுத்திலேயே கிடக்கும்.

இப்படியே போயிருக்கும். போன வருடம் மஞ்சள் வேன் ஊருக்குள் வர ஆரம்பித்தது. ஹைவேயில் புதிதாகத் தொடங்கிய நர்சரிப் பள்ளியின் வேன். ஒரு வருடத்தில் மூன்று பிள்ளைகளைக் கொண்டுபோய்விட்டது. எண்ணிக்கை பத்துக்குக் கீழே போனால் மையத்தைப் பக்கத்து ஊரோடு சேர்த்துவிடுவார்கள் என்று ஒரு பேச்சு. பக்கத்து ஊருக்குக் குறுக்குப் பாதையில் நடந்தாலே முக்கால் மணி நேரம். மையத்தில் சமைக்கிற முத்துமாரியம்மாள் அக்காவுக்கு முழங்கால் வலி.

"டீச்சர், அந்த வேன் ஹாரன் அடிச்சா நம்ம பிள்ளைங்க சோத்தத் தட்டுல வச்சுட்டு எந்திரிச்சு நிக்குதுங்க. நாந்தான் சோத்துக்கு அடுப்புல வேகுறேன். அந்த வேன் டிரைவர் சும்மா கைய வச்சு அமுக்குறான்" என்பார் அக்கா.

பிறகு ஷர்லி வந்தாள். அவள் கணவர் அடைக்கலராஜ் கத்தாரில் ஏசி மெக்கானிக். மகள் ஜெனிபருக்கு நாலு வயது.

"விஜயதசமிக்கு ஜெனிபர அங்கிட்டு சேத்துரலாம்னு இருக்கேன் டீச்சர். தப்பா நெனச்சுக்காதீங்க. அங்க ப்ளே ரூம் இருக்காம். இவ நிதமும் அதயே சொல்றா."

மையத்துப் பிள்ளை கண்ணனின் அம்மாவும் வேன் டிரைவரிடம் விசாரித்ததாகக் கேள்வி. இரண்டு பேர் போனால் ஒன்பது. அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் சரியாக இல்லை. மறுநாள் காலையில் பின்னறையைத் திறந்து பார்த்தேன். விறகும், முள் உடைந்த எடைத் தராசும், ஓட்டைச் சிமெண்ட் தொட்டியும் கிடந்த அறை. அதைக் காலி செய்து பிள்ளைகளுக்கு ஒரு விளையாட்டறை ஆக்கிவிடலாம் என்று தோன்றியது. கையில் இருந்த பணம் சுண்ணாம்பு வாங்கத்தான் காணும். மற்றதெல்லாம் கேட்டுத்தான் வாங்க வேண்டும்.

அக்கா ஒரு தடவை சொன்னார். "அந்தப் பெட்டியத் தொறந்தாப் பாதி ரூம் நெறஞ்சிரும்ல டீச்சர்."

"ஒடஞ்சா நீங்க பதில் சொல்வீங்களாக்கா?" என்று கேட்டேன். அவர் பருப்புச் சட்டியை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டார்.

அதன் பிறகுதான் மூன்று கடிதங்கள். ஒன்று பஞ்சர் கடை ஆத்மநாதனுக்கு, ஒன்று டெய்லர் லியோனுக்கு, ஒன்று பெயிண்டர் செந்தமிழனுக்கு. மூன்று பேரும் கூப்பிடு தூரத்தில் இருப்பவர்கள். வாயால் கேட்டிருக்கலாம். வாயால் கேட்டால், "ஏன் டீச்சர், கவர்மெண்ட்டுல ஒண்ணும் தரலயா?" என்று திருப்பிக் கேட்பார்கள். கடிதம் திருப்பிக் கேட்காது.

ஆத்மநாதன் கடிதத்தைக் கிரீஸ் கையோடு வாங்கிப் படித்துவிட்டுச் சிரித்தார்.

"பழைய டயருக்கு லெட்டரா? எனக்கு இதுவரைக்கும் பேங்க்குலருந்துதான் டீச்சர் லெட்டர் வந்திருக்கு. மொத தடவையா ஒருத்தவங்க தாழ்மையுடன்னு எழுதியிருக்கீங்க. இத ஒட்டி வைக்கப்போறேன்."

விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். ஒட்டியே விட்டார். காற்றடிக்கும் மிஷினுக்கு மேலே, சுவரில், ஆள் நிற்கும் உயரத்துக்கு. வண்டிக்குக் காற்றடிக்க வருபவர் எல்லாம் நின்ற இடத்திலேயே படித்தார்கள்.

பொருள்கள் வரத் தொடங்கின. நான் கேட்காதவர்களிடமிருந்தும் வந்தன. ஆத்மநாதன் ஆறு பைக் டயரும், பாதியாக அறுத்த லாரி டயர் ஒன்றும் தந்தார். கவிழ்த்துப் போட்டால் ஆடும் குதிரை. செந்தமிழன் யார் வீட்டிலோ மிஞ்சிய நீலப் பெயிண்டைக் கொண்டுவந்து டயர்களுக்கு அடித்தார். சுவரில் மயில் வரையட்டுமா என்று கேட்டார். அக்கா, "வேண்டாம்ப்பா. நெசமான மயிலு ஓட்டு மேல ஏறி மிதிக்கிறதே போதும்" என்றார். அவர் மீன் வரைந்தார். லியோன் வெட்டுத்துணியைத் திணித்து ஐந்து பொம்மைகள் தைத்தார். ஐந்துக்கும் பட்டன் கண். போர்வெல் போட்டவர்கள் விட்டுப்போன குழாய்த் துண்டுகளைச் சுவரில் சாய்வாகக் கட்டினோம். மேலே புளியங்கொட்டையைப் போட்டால் சலசலவென்று ஓடிக் கீழே கொட்டாங்கச்சியில் விழும். உத்தரத்தில் என் பழைய சுங்கடிப் புடவையில் ஊஞ்சல் கட்டினேன். டிவி வந்த அட்டைப்பெட்டியில் கதவு வெட்டி வீடு. சிமெண்ட் சாக்கைக் கழுவித் தைத்து விரிப்பு. மூன்று வாரம் ஆனது. கையில் தழும்பேற வேலை செய்தேன். அந்த மூன்று வாரமும் நான் ஒரு நல்ல டீச்சர் என்று நானே நம்பிக்கொண்டிருந்தேன்.

டிரங்குப் பெட்டியைச் சத்துமாவு மூட்டைகளுக்குப் பின்னால் தள்ளி, மேலே ஒரு போர்வையைப் போட்டு மூடினேன்.

திறப்புக்கு இரண்டு நாள் முன்பு ஷர்லி ஒரு பையோடு வந்தாள். பைக்குள் பொம்மை. கண்ணை மூடித் திறக்கும் பொம்மை, மஞ்சள் கவுன், காலில் வெள்ளை ஷூ. ஜெனிபர் பிறந்த வருடம் அடைக்கலராஜ் கத்தாரிலிருந்து கொண்டுவந்தது. அவர்கள் வீட்டு ஷோகேசில், கண்ணாடிக் கதவுக்குப் பின்னால், மாதா சுரூபத்துக்குப் பக்கத்தில் அதை நான் பார்த்திருக்கிறேன்.

"ஸ்கூட்டிக்குக் காத்தடிக்கப் போனேன் டீச்சர். செவுத்துல ஒங்க லெட்டர். ஒரு பொம்ம கூட இல்லன்னு படிச்சதும் எனக்கு ஒரு மாதிரி ஆயிருச்சு. இங்க பதினோரு பிள்ளைங்க வெறுங்கையோட ஒக்காந்திருக்கு, நான் இத வச்சு நாலு வருசமாத் தூசி தொடச்சிக்கிட்டு இருக்கேன். ஜெனிபரக் கூடத் தொட விட்டதில்ல. அவர்கிட்ட போன்ல சொன்னேன். குடுத்துருன்னுட்டார்."

"ஜெனிபருக்கு வேணாமாம்மா?"

"இங்கதான வரப்போறா. எல்லாரோடயும் விளையாடட்டும்" என்றாள். வேனைப் பற்றி அவள் பேசவில்லை. நானும் கேட்கவில்லை. ஜெனிபர் இங்கேயே இருப்பாள் என்று மனம் கணக்குப் போட்டுவிட்டது. பொம்மையை வாங்கியபோது என் கழுத்துச் சாவி அதன் மஞ்சள் கவுனில் பட்டது. அப்போதாவது சொல்லியிருக்கலாம். "ரொம்ப நன்றிம்மா" என்றேன்.

வெள்ளிக்கிழமை மூன்று மணிக்குத் தாய்மார்களை வரச் சொல்லியிருந்தேன். அக்கா கேசரி கிண்டியிருந்தார். கதவைத் திறந்ததும் பதினொரு பிள்ளைகளும் உள்ளே ஓடின. கண்ணன் டயர் குதிரையில் ஏறி விழுந்து மறுபடி ஏறினான். புளியங்கொட்டை சலசலத்தது. அம்மாக்கள் செல்போனில் படம் எடுத்தார்கள். ஷர்லி வாசல் நிலையில் சாய்ந்து பார்த்துக்கொண்டு நின்றாள். பத்து நிமிடம் இருக்கும். என் வாழ்க்கையில் அவ்வளவு நிறைவான பத்து நிமிடம் அதற்கு முன்பு இருந்ததாக நினைவில்லை.

பிறகு ரம்யா, அங்கிருந்த பிள்ளைகளில் பெரியவள், ஐந்து வயது முடியப்போகிறவள், தரையில் கிடந்த ஓட்டைச் சோடா மூடியை ஒரு நூலில் கோத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டாள். லியோனின் ஐந்து துணிப் பொம்மைகளையும் ஜெனிபரின் பொம்மையையும் எடுத்து அட்டை வீட்டுக்குள் வைத்துக் கதவைச் சாத்தினாள்.

"எல்லாரும் வாங்க. கையக் கட்டுங்க."

பிள்ளைகள் வந்தன. கண்ணன் குதிரையை விட்டு இறங்கி வந்தான். ஊஞ்சலில் இருந்த பிள்ளை இறங்கி வந்தது. வட்டமாக உட்கார்ந்து கையைக் கட்டிக்கொண்டன. யாரும் அடம் பிடிக்கவில்லை. ரம்யா சோடா மூடியால் அட்டைக் கதவைத் திறப்பது போலத் திருகினாள். பொம்மைகளை ஒவ்வொன்றாக எடுத்துச் சாக்கு விரிப்பில் வைத்தாள்.

"ஒண்ணு. ரெண்டு. மூணு. பாத்தாச்சா? தொடக் கூடாது. ஆபீசர் வந்தா எண்ணுவாங்க."

கண்ணனின் அம்மா சிரித்தாள். "அப்படியே டீச்சர் கொரலு."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன்.

ஜெனிபர் ஒரு விரலை நீட்டித் தன் பொம்மையின் வெள்ளை ஷூவைத் தொட்டாள். ரம்யா அவள் கையில் ஒன்று போட்டாள்.

"இது ஒன்னோடதா? சர்க்காரோடது."

ஜெனிபர் அழவில்லை. விரலை மடக்கி, கையைத் திரும்பக் கட்டிக்கொண்டாள். சிரிப்பு நின்றது.

ஷர்லி உள்ளே வந்து ரம்யாவின் முன்னால் குந்தினாள். "யாரு பாப்பா ஆபீசர்? எதுக்கு எண்ணுவாங்க?"

"ஜீப்ல வருவாங்கல்ல, அவங்க. பெரிய பெட்டி இருக்குல்ல, மாவு மூட்டைக்கு அங்கிட்டு. அதுல நெறைய பொம்ம இருக்கு. யான இருக்கு, ரயிலு இருக்கு. தொட்டா ஒடஞ்சிரும். ஜீப்பு போனதும் டீச்சர் எண்ணிப் பூட்டிருவாங்க." சோடா மூடியைத் தூக்கிக் காட்டினாள். "இதான் சாவி."

ஓட்டின் மேல் மயில் நடக்கும் சத்தம் மட்டும் கேட்டது. எல்லோருடைய கண்ணும் என் கழுத்துக்கு வந்தது. புடவைத் தலைப்பை இழுத்து மூடினேன். மூடியிருக்க வேண்டாம்.

"பெட்டிக்குள்ள எத்தன இருக்கு டீச்சர்?" என்றாள் ஷர்லி. குரலில் கோபமே இல்லை.

"முப்பத்தெட்டு."

கேட்ட உடனே சொல்லிவிட்டேன். எண்ணிக்கையில் நான் என்றைக்கும் தவறியதில்லை.

அவள் தலையாட்டினாள். "நானும் ஷோகேஸ்லதான் வச்சிருந்தேன். இல்லன்னு சொல்ல முடியாது. ஆனா என் பிள்ளைக்குப் பொம்மையே இல்லன்னு நான் யாருக்கும் லெட்டர் போடல."

"இந்தப் பொம்மையையாவது எடுத்துட்டுப் போயிரும்மா."

"குடுத்ததத் திருப்பி வாங்குற பழக்கம் எங்க வீட்ல இல்ல டீச்சர்." ஜெனிபரைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். "ஆயுத பூச லீவு முடிஞ்சதும் இவ வேன்ல போயிக்கிருவா."

கேசரியை யாரும் தொடவில்லை என்று சொல்ல மாட்டேன். பிள்ளைகள் சாப்பிட்டன. தாய்மார்கள் டிபன் பாக்ஸில் வாங்கிக்கொண்டு போனார்கள். என்னிடம் யாரும் ஒரு சொல் கடுமையாகப் பேசவில்லை. "வாரோம் டீச்சர்" என்றார்கள். பேசியிருந்தால் நானும் ஏதாவது சொல்லித் தப்பித்திருப்பேன்.

எல்லோரும் போன பிறகு போர்வையை எடுத்துவிட்டுப் பெட்டியைத் திறந்தேன். அக்கா பக்கத்தில் நின்றார். எப்போதும் நான் உறையோடு எண்ணுவேனே தவிர, உறைக்குள் பார்த்ததில்லை. அன்று ஒவ்வொன்றாகப் பிரித்தேன். ரப்பர் யானை உருகிப் பாலித்தீனோடு ஒட்டிக்கொண்டிருந்தது. ரயிலுக்குள் பேட்டரி கசிந்து பச்சை பூத்திருந்தது. பந்துகள் சப்பி, மடிந்த இடத்தில் வெடித்திருந்தன. அட்டைப் படங்களைப் பூச்சி அரித்திருந்தது. நாலு வருடத்தில் எந்தப் பிள்ளையும் உடைக்காமலே பதினாறு கெட்டுப்போயிருந்தன.

அக்கா யானையை உறையிலிருந்து பிய்க்கப் பார்த்தார். காது உறையோடு வந்தது.

"இதுக்கு விளக்கம் யாரு டீச்சர் எழுதறது?" என்றார்.

நான்தான் எழுத வேண்டும். ஆபீசுக்கு எழுதுமுன் பொருள் கொடுத்தவர்களுக்கு எழுதலாம் என்று அன்று மாலையே வீட்டில் உட்கார்ந்தேன். முதல் தாளில் "அறியாமையினால்" என்று எழுதி அடித்தேன். இரண்டாவதில் "நிர்வாகக் காரணங்களை முன்னிட்டு" என்று வந்தது. கை பழகிவிட்டது. எத்தனை பேருக்கு எத்தனை மனுவில் இந்தச் சொற்களை வைத்து மூடியிருக்கிறேன். மூன்றாவது தாளில் அனுப்புநர் பெறுநர் ஒன்றும் போடாமல் எழுதினேன். "நான் முன்பு எழுதிய கடிதத்தில் ஒரு பொம்மை கூட இல்லை என்று சொன்னது பொய். முப்பத்தெட்டு இருந்தன. விளக்கம் எழுத வேண்டிவருமே என்ற பயத்தில் பூட்டி வைத்திருந்தேன். நீங்கள் என்னை நம்பிக் கொடுத்தீர்கள். மரிய செல்வி, அங்கன்வாடி டீச்சர்." இரண்டு இடத்தில் அடித்தல் இருந்தது. திரும்ப நகல் எடுக்கவில்லை. லியோனுக்கும் செந்தமிழனுக்கும் நேரில் போய்ச் சொன்னேன். லியோன், "தச்சது தச்சதுதான் டீச்சர், பிள்ளைங்க விளையாடட்டும்" என்று மிஷினைப் பார்த்துக்கொண்டே சொன்னார். செந்தமிழன் உச்சுக்கொட்டினார். அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் ஆத்மநாதன் கடைக்குப் போனேன். அவர் தாளை வாங்கி மெதுவாகப் படித்தார். இந்தத் தடவை கையைத் துடைத்துவிட்டுத்தான் வாங்கினார்.

"இதையும் ஒட்டணுமா டீச்சர்?"

"அதக் கிழிச்சிட்டு இத ஒட்டுங்க."

"அது கிழியாது. பஞ்சர் சொலூஷன் போட்டு ஒட்டுனது. மேலயே ஒட்டுறேன்." டியூப்பிலிருந்து பிதுக்கித் தடவியபடி கேட்டார். "டயரு வேணும்னா வேணும்னு கேட்டாத் தரப்போறேன். எதுக்கு டீச்சர் அதுல இல்லாத பொய்ய இழுத்தீங்க?"

ஒரு லோடு ஆட்டோக்காரர் காற்றடிக்க வந்து, குழாயைப் பிடித்தபடி புதுக் கடிதத்தைப் படிக்க ஆரம்பித்தார். அவர் படித்து முடிக்கும் வரை போகக் கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு நின்றேன். படித்துவிட்டு என்னைப் பார்த்தார். யார் எழுதியது என்று அவருக்குத் தெரியாது. "எந்த ஊர் டீச்சரம்மாவோ" என்றார் ஆத்மநாதனிடம். ஆத்மநாதன் என்னைப் பார்க்காமல், "ஏர் எத்தன வைக்கணும்?" என்று கேட்டார். அது அவர் எனக்குச் செய்த மரியாதை.

திங்கட்கிழமை, நன்றாக இருந்த இருபத்திரண்டு பொம்மைகளையும் பின்னறையில் பரப்பினேன். சாவியைக் கழற்றி ஆணியில் மாட்டினேன். பிள்ளைகள் வந்து பார்த்தன. வட்டமாக உட்கார்ந்து கையைக் கட்டிக்கொண்டன.

"எடுத்து விளையாடுங்க" என்றேன்.

ரம்யா வாசலைத் திரும்பிப் பார்த்தாள். "ஜீப்பு வரலயே டீச்சர்."

அன்று முழுக்க ஒரு பிள்ளை கூடத் தொடவில்லை. செவ்வாய்க்கிழமை நானே தரையில் உட்கார்ந்து பிளாஸ்டிக் கத்திரிக்காயை எடுத்து நறுக்குவது போலப் பாவனை செய்தேன். பிள்ளைகள் என்னையே பார்த்தன. புதன்கிழமை கண்ணன் ஒரு கட்டையை எடுத்தான், என்னைப் பார்த்தான், வைத்துவிட்டான். அவன் அம்மா அவனை வேனுக்கு அனுப்பவில்லை. ஏன் என்று நான் கேட்கவில்லை. வியாழக்கிழமை அக்கா அடுப்படியிலிருந்து வந்து, வேண்டுமென்றே கட்டைகளைக் காலால் இடறிச் சிதறவிட்டார். "ஐயய்யோ, இந்த ஆச்சி கொட்டிருச்சு, அடுக்குங்கடா" என்றார். அப்போதுதான் நாலைந்து கை நீண்டது.

வெள்ளிக்கிழமை ஜெனிபருக்குக் கடைசி நாள். மாலை ஷர்லி ஸ்கூட்டியில் வந்து வெளிக்கதவருகே நின்றாள். இஞ்சினை நிறுத்தவில்லை. நான் டிரங்குப் பெட்டியின் மேல் வைத்து வருகைப் பதிவேட்டை எழுதிக்கொண்டிருந்தேன். பின்னறையிலிருந்து ஜெனிபர் வந்தாள். ஒரு கையில் அவளுடைய பொம்மை. இன்னொரு கை முதுகுக்குப் பின்னால்.

"என்னம்மா?"

பின்னால் இருந்த கையை மெல்ல முன்னே கொண்டுவந்தாள். பொம்மையின் வலது கை. தோளோடு கழன்றிருந்தது. அவள் அதோடு விளையாடியிருக்கிறாள். தூக்கியிருக்கிறாள், ஊஞ்சலில் ஆட்டியிருக்கிறாள், யாரோடோ இழுத்துச் சண்டை போட்டிருக்கிறாள். ஒரு நொடி எனக்குச் சந்தோஷமாக இருந்தது. பிறகு அவள் முகத்தைப் பார்த்தேன்.

"டீச்சர், நோட்ல எழுதுவீங்களா?"

"எழுத மாட்டேன்மா."

அவள் என் கையிலிருந்த பேனாவைப் பார்த்தாள். பேனாவை மூடிக் கீழே வைத்தேன். நோட்டையும் மூடினேன். அப்போதும் அவள் பார்வை அங்கேயே இருந்தது.

"இது எந்த நோட்லயும் இல்லம்மா. இது ஒன்னோடது."

அவளுக்கு அது பதிலாகப் படவில்லை. வெளியே ஷர்லி ஒரு முறை ஹாரன் அடித்தாள். ஜெனிபர் பொம்மையைப் பெட்டியின் மேல் படுக்க வைத்தாள். கழன்ற கையை அதன் தோளோடு ஒட்டினாற்போல வைத்து, மஞ்சள் கவுனால் பிரிந்த இடத்தை மூடினாள். தள்ளி நின்று பார்த்தாள்.

"இப்படி வச்சா, எண்ணுறப்ப ஒண்ணுதான் டீச்சர் வரும்" என்றாள்.

சொல்லிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள், நான் எண்ணி முடிப்பதற்காக.